கோடோ எந்த வாக்கும் கொடுக்கவில்லை

'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் விளாடிமிராக நடித்த பிறகு என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி "கோடோ யாருங்க?" என்பதுதான். கடவுளா, மரணமா, விடுதலையா என்று கேட்பவரே பட்டியலையும் நீட்டிவிடுவார். அமெரிக்காவில் இந்த நாடகத்தை இயக்கிய ஆலன் ஷ்னைடர் இதையே நாடகத்தை எழுதிய சாமுவேல் பெக்கெட்டிடம் கேட்டார். தெரிந்திருந்தால் நாடகத்திலேயே சொல்லியிருப்பேனே என்றார் பெக்கெட். அதை நழுவல் பதிலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வசனங்களோடு நீண்ட நாள் புழங்கிய பிறகு, நாடகம் நம்மிடம் கேட்பதே வேறொன்று என்று எனக்குப் படுகிறது. இங்கேயே இருக்கிறோம் என்று சொன்னவர்கள் யார், அதை யாரிடம் சொன்னார்கள், சொன்னதற்காக எதையெல்லாம் செய்யாமல் விடுகிறார்கள்? வரவேண்டியவரைவிட நிற்பவர்களைப் பற்றிய நாடகம் இது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. ஒரு கிராமத்துச் சாலை, ஒரு மரம், மாலை நேரம். விளாடிமிர், எஸ்ட்ரகன் என்று இரண்டு பேர் கோடோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். போட்ஸோ என்ற பெரிய மனிதன், லக்கி என்ற வேலையாளைக் கழுத்தில் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வருகிறான், போகிறான். பிறகு ஒரு பையன் வந்து, கோடோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று சொல்கிறான். இரண்டாம் அங்கத்தில் இவ்வளவும் மறுபடி நடக்கிறது. மரத்தில் நாலைந்து இலை விட்டிருக்கிறது. போட்ஸோவுக்குக் கண் போய்விட்டது, லக்கிக்குப் பேச்சு போய்விட்டது. கோடோ வரவில்லை.

பெக்கெட் இதைப் பிரெஞ்சில், 1948 அக்டோபரில் தொடங்கி 1949 ஜனவரியில் முடித்தார். 1953 ஜனவரி 5 அன்று பாரிஸில் பாபிலோன் அரங்கில் ரோஜே ப்ளான் இயக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. போட்ஸோவாக நடித்தவரும் ப்ளான்தான். எதுவுமே நடக்காத நாடகம், அதுவும் இரண்டு முறை நடக்காத நாடகம் என்று 1956-ல் விமர்சகர் விவியன் மெர்சியர் எழுதியது இன்றுவரை மேற்கோளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பாராட்டித்தான் எழுதினார். ஆனாலும் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தால் தெரிகிற விஷயம் அது. மேடையில் நிற்பவருக்கு ஒரு நிமிஷம் ஓய்வு கிடையாது.

எங்கள் குழு சிறியது. பகலில் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒத்திகைக்குக் கூடுகிறவர்கள். இயக்கியவர் எங்களில் மூத்தவர், எல்லோருக்கும் அக்கா. முதல் நாளே அவர் போட்ட தடை: பெருமூச்சு விடக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, தூரத்தை வெறிக்கக் கூடாது.

"காத்திருக்கிற மாதிரி நடிக்காதீங்க. நிஜமா காத்திருக்கிறவன் சும்மா இருக்க மாட்டான். அவனுக்குக் கை நிறைய வேலை. அந்த வேலையைப் பாருங்க, போதும்."

முதல் சில ஒத்திகைகள் வசனமே இல்லாமல் போயின. எஸ்ட்ரகனாக நடித்த நண்பருக்கு உண்மையிலேயே ஒரு அளவு சிறிய பூட்ஸ் கொடுக்கப்பட்டது. அதைக் கழற்றுவதுதான் அவர் வேலை. நாடகத்தின் முதல் வசனம், ஒன்றும் செய்வதற்கில்லை என்பது, அந்தப் பூட்ஸைப் பற்றித்தான். தத்துவமாக அதைச் சொல்ல அவருக்கு வழியே இருக்கவில்லை. குதிகால் சிவந்திருந்தது, விரல் வழுக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் உள்ளே வரும் விளாடிமிர், அதை வாழ்க்கையைப் பற்றிய கருத்தாக எடுத்துக்கொண்டு, தானும் அந்த முடிவுக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று பேச ஆரம்பிக்கிறான். ஒருவன் காலில் வலி, இன்னொருவன் அதிலிருந்து ஒரு கொள்கையை உருவிக்கொண்டு நிற்கிறான். நாடகம் முழுக்க விளாடிமிர் செய்யப்போவது இதைத்தான் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுகிறார் பெக்கெட்.

எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை தொப்பி. கழற்றிப் பார்ப்பது, உள்ளே தடவுவது, தட்டுவது, மறுபடி போட்டுக்கொள்வது. இரண்டாம் அங்கத்தில் மூன்று தொப்பிகள் இரண்டு தலைகளுக்கிடையே கைமாறும் இடம் ஒன்று உண்டு. மூளையால் அதை நினைவில் வைக்க முடியாது, கைதான் பழக வேண்டும். இந்த நாடகத்தைக் கையில் எடுக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வசனம் மனப்பாடம் ஆவதற்கு முன்பே பூட்ஸ், தொப்பி, கயிறு, கேரட், முள்ளங்கி எல்லாம் ஒத்திகை அறைக்கு வந்துவிட வேண்டும். பொருள்கள் வந்தவுடன் 'அர்த்தம்' தேடுகிற பதற்றம் பாதி குறைந்துவிடும்.

மீதிப் பாதி மௌனம். 1975-ல் பெர்லினின் ஷில்லர் அரங்கில் பெக்கெட் இந்த நாடகத்தைத் தானே இயக்கியபோது, எல்லோரும் அப்படியே அசையாமல் நிற்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டார். காத்திருப்பு அந்த இடங்களில்தான் வெளியே தெரியும். மற்ற நேரமெல்லாம் அதை மூடிவைக்கத்தான் பேச்சும் விளையாட்டும். எங்களுக்கு அக்கா கொடுத்த கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்: "மௌனம்னு எழுதியிருக்கிற இடத்துல அடுத்த வசனத்தை நினைக்காதீங்க. பேசுறதுக்கு இனிமே எதுவுமே இல்லைன்னு பயப்படுங்க." அந்தப் பயம் வந்த நாளில் அடுத்த வசனம் தானாகவே அவசரமாக வெளியே வந்தது. எதையாவது சொல்லு என்று எஸ்ட்ரகனைக் கெஞ்சும் இடம் அன்றுதான் எனக்குப் பிடிபட்டது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற இடத்துக்கு வருகிறேன். முதல் அங்கத்தில், போட்ஸோ வருவதற்கு முன்பு, எஸ்ட்ரகன் கேட்கிறான்: அவரிடம் நாம் சரியாக என்னதான் கேட்டோம்? திட்டவட்டமாக ஒன்றும் இல்லை என்கிறான் விளாடிமிர். ஒருவித வேண்டுதல். அதற்கு அவர் என்ன சொன்னார்? இங்கே ஒரு நீளமான பட்டியல் இருவர் வாயிலும் மாறி மாறி வருகிறது. பார்க்கலாம் என்றார். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். யோசிக்க வேண்டும் என்றார். வீட்டில், அமைதியாக. குடும்பத்தாரைக் கலக்க வேண்டும், நண்பர்களை, முகவர்களை, கடிதத் தொடர்பில் இருப்பவர்களை. புத்தகங்களைப் பார்க்க வேண்டும், வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் முடிவு.

வேகமாகச் சொன்னால் சிரிப்பு வரும், வரவும் வேண்டும். ஆனால் ஒரு மாலை முழுக்க நாங்கள் அந்த ஒரு பக்கத்தை மட்டும் மேசையில் உட்கார்ந்து படித்தோம். அக்கா ஒரு தாளை நெடுக்காக மடித்தார். இடது பக்கம் கோடோ சொன்னது, வலது பக்கம் இவர்கள் சொன்னது. இடது பக்கத்தில் ஒரு வாக்குக்கூட ஏறவில்லை. நாள் சனிக்கிழமை என்பதுகூட விளாடிமிரின் ஞாபகம்தான். குறித்துவைத்திருப்பேன் என்று சட்டைப்பையைத் துழாவுகிறான், குப்பைதான் வருகிறது. எந்தச் சனிக்கிழமை, இன்றைக்குச் சனிக்கிழமையா என்று எஸ்ட்ரகன் கேட்டால் பதில் இல்லை. 'கட்டாயம்' என்ற சொல் கோடோவின் பெயரால் முதலில் வருவது அந்தப் பையனின் வாயிலிருந்து, அதுவும் இன்னொருவர் சொல்லி அனுப்பியதாக.

வலது பக்கமோ நிரம்பி வழிந்தது. வருவோம், மரத்தடியில் நிற்போம், வராவிட்டால் நாளைக்கும் வருவோம், நாளை மறுநாளும் வருவோம்.

வாக்கு இருப்பது ஒரே பக்கத்தில். இதைத் தாளில் பார்த்த பிறகு, போவோம், போக முடியாது, ஏன், கோடோவுக்காகக் காத்திருக்கிறோமே என்று அடிக்கடி திரும்பிவரும் அந்த நாலு வரியை நான் வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். அதுவரை அது களைப்பின் குரல். பிறகு அது ஒருவன் தன் கையெழுத்தைத் தானே எடுத்துக் காட்டுகிற குரல். எஸ்ட்ரகன் வாயில் கேரட்டை மென்றுகொண்டே, நாம் கட்டுண்டவர்களா என்று கேட்கிறான். வாய் நிறைந்திருப்பதால் விளாடிமிருக்குக் கேட்பதில்லை. விழுங்கிவிட்டு மறுபடி கேட்கிறான். கோடோவுக்கா? ஒருகாலும் இல்லை என்கிறான் விளாடிமிர். ஒரு இடைவெளி. இப்போதைக்கு இல்லை. அந்த இடைவெளியை எங்கள் எஸ்ட்ரகன் கேரட்டின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கடப்பார். நான் அவரைப் பார்க்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. பார்த்தால் மறுப்பது கஷ்டம்.

விளாடிமிரை நான் ஒருபோதும் ஏளனமாகப் பார்க்கவில்லை. நாங்கள் புனிதர்கள் இல்லை, ஆனால் சொன்ன இடத்தில் சொன்னபடி வந்து நிற்கிறோம், எத்தனை பேரால் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும் என்று அவன் இரண்டாம் அங்கத்தில் கேட்கிறான். கோடிக்கணக்கான பேரால் என்று எஸ்ட்ரகன் சட்டென்று சொல்லிவிடுகிறான். சிரிப்பு எழுகிற இடம். ஆனால் இருவர் சொல்வதும் உண்மை. யாரும் சரிபார்க்காத, சாட்சி இல்லாத ஒரு சொல்லை ஒருவன் காப்பாற்றுகிறான் என்பது பெரிய விஷயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெக்கெட், நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தின் ஒரு ரகசியக் குழுவில் இருந்தவர். 1942-ல் குழு காட்டிக்கொடுக்கப்பட்ட பிறகு ரூஸியோன் என்ற கிராமத்துக்குத் தப்பி, பண்ணை வேலை செய்துகொண்டு விடுதலைக்காகக் காத்திருந்தவர். சொன்ன இடத்தில் ஆள் வந்து நிற்பதும் நிற்காததும் உயிர் போகிற விஷயமாக இருந்த காலம் அது. வந்து நிற்பவனைக் கேலிப்பொருளாக மட்டும் அவர் எழுதியிருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த மடித்த தாள் எங்களுக்கு நாடகத்துக்கு வெளியிலும் உதவியது. நாடகத்தைப் போட ஓர் அரங்கம் கேட்டிருந்தோம். நிர்வாகத்திலிருந்து ஓர் இளைஞர் வருவார், அல்லது தொலைபேசியில் பேசுவார். இந்த வாரம் ஆகாது சார், அடுத்த வாரம் கட்டாயம். ஒரு நாள் ஒத்திகை முடிந்ததும் அக்கா அதே மாதிரி ஒரு தாளை மடித்தார். எங்கள் பக்கம் தேதி, முன்பணம், விளம்பர வேலை, ஆள்கள் எடுத்திருந்த விடுப்பு. அவர்கள் பக்கம் 'பார்க்கலாம்', 'மேலே கேட்கணும்', 'வந்து பாருங்க'.

"இதுல வாக்குன்னு ஒண்ணாவது இருக்காப்பா?" என்றார் அக்கா. இல்லை. கோபப்படுவதற்குக்கூட அதில் எதுவும் இல்லை.

மறுநாள் கடிதம் போனது. இன்ன தேதிக்குள் பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போடுகிறோம். பதில் வரவில்லை. பெரிய அறை ஒன்றில், மூன்று பக்கமும் நாற்காலி போட்டு நடத்தினோம். செய்தி கொண்டுவந்த அந்த இளைஞரை முதல் வரிசையில் உட்காரவைத்தோம். அவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு யாருக்காகவாவது, எதற்காகவாவது நீண்ட நாள் காத்திருக்க நேர்ந்தால் நான் எஸ்ட்ரகனின் கேள்விகளை எழுதிப் பார்க்கிறேன். நான் சரியாக என்ன கேட்டேன்? அவர் சொன்ன சொற்கள் எவை, நான் சேர்த்துக்கொண்டவை எவை? எந்த நாள்வரை? எல்லாக் காத்திருப்பையும் கடிதம் எழுதி முடித்துவிட முடியாது. உடம்பு சரியில்லாதவர் எழுந்து நடப்பதற்காக, பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளை திரும்பிப் பேசுவதற்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே தேதி போட முடியாது. அங்கும் அந்தத் தாள் உதவுகிறது, வேறு விதமாக. அவர் கொடுத்த வாக்குக்காக நிற்கிறேன் என்று நினைத்து நின்றால் ஒவ்வொரு மாலையும் ஏமாற்றம். நான் கொடுத்த வாக்குக்காக நிற்கிறேன் என்று தெரிந்து நின்றால், நிற்பதா போவதா என்ற முடிவு என் கையில் இருக்கிறது. வேதனை குறையும் என்று சொல்லமாட்டேன். ஆனால் யார் மேல் கோபப்படுவது என்ற குழப்பம் போகும்.

இந்த நாடகத்தில் என்னை மிகவும் சிரமப்படுத்திய இடம் இரண்டாம் அங்கத்தில் வருகிறது. கண் இழந்த போட்ஸோவும் லக்கியும் தடுக்கி விழுகிறார்கள், எழுந்திருக்க முடியவில்லை. போட்ஸோ உதவி, உதவி என்று கத்துகிறான். விளாடிமிருக்கு முதலில் மகிழ்ச்சி: மாலைப் பொழுதுக்குத் துணை வந்துவிட்டது. எஸ்ட்ரகனுக்கு, நேற்றுப்போல எலும்பு கிடைக்குமா என்ற யோசனை. பிறகு விளாடிமிர் நாடகத்தின் மிக உயர்ந்த உரையை ஆற்றுகிறான். வாய்ப்பு இருக்கும்போதே ஏதாவது செய்வோம், நாம் தேவைப்படுவது தினமும் நடப்பதில்லை, இந்த இடத்தில் இந்தக் கணத்தில் மனிதகுலம் என்றால் நாம்தான். அருமையான பேச்சு. பேசிக்கொண்டே இருக்கிறான். போட்ஸோ தரையிலேயே கிடக்கிறான்.

அக்கா இந்த இடத்துக்கு ஒரே ஒரு ஏற்பாடு செய்தார். போட்ஸோவாக நடித்தவர் நீட்டிய கை என் பூட்ஸிலிருந்து நாலு விரற்கடை தூரத்தில் இருக்க வேண்டும். நான் நகரக் கூடாது, குனியக் கூடாது, உரையை முழுதாகச் சொல்ல வேண்டும். சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாக எடுத்தது, வார்த்தைகள் அழகாக விழுந்தன, கீழே விரல்கள் விரிந்து மூடிக்கொண்டிருந்தன. எவ்வளவு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவு நேரம் அவர் கிடக்க வேண்டியிருக்கும் என்று உடம்பு முழுக்க உணர்ந்தேன். அந்த உரையின் நடுவிலேயே விளாடிமிர் கோடோவிடம் போய்விடுகிறான்: இவ்வளவு குழப்பத்தில் ஒன்று மட்டும் தெளிவு, நாம் கோடோ வருவதற்காகக் காத்திருக்கிறோம். வராதவருக்குக் கொடுத்த சொல், எதிரே விழுந்து கிடப்பவரைத் தாண்டிப் போவதற்கு வசதியாகிவிடுகிறது. போட்ஸோ பணம் தருவதாகச் சொன்ன பிறகுதான் காரியம் நடக்கிறது. அதிலும் தூக்கப் போன விளாடிமிரே விழுகிறான், அவனைத் தூக்கப் போன எஸ்ட்ரகனும் விழுகிறான், நாலு பேரும் தரையில்.

கடமை என்றால் பொதுவாக நாம் மதிப்போடுதான் பேசுகிறோம். பெக்கெட் அதைத் திருப்பிப் பார்க்கவைக்கிறார். பெரிய கடமை ஒன்று இருக்கிறது என்பதே சிறிய கடமைகளிலிருந்து விடுப்பு வாங்கித் தரக்கூடும். குடும்பத்துக்காக ஓடுகிறேன் என்று சொல்பவர் வீட்டில் இருப்பவரோடு பேசாமலே இருப்பது, பெரிய லட்சியத்துக்காக உழைக்கும் குழு தன் தொண்டரை வாட்டுவது எல்லாம் இந்தக் காட்சியின் வேறு பதிப்புகள்.

பையன் வரும் காட்சியில் இது இன்னும் மெதுவாக, இன்னும் கடுமையாக நடக்கிறது. அவன் கோடோவின் ஆடுகளை மேய்ப்பவன். உன்னை அடிப்பாரா என்று விளாடிமிர் கேட்கிறான். இல்லை, என்னை அடிக்கமாட்டார். யாரை அடிப்பார்? என் அண்ணன் தம்பியை, செம்மறி மேய்ப்பவனை. சாப்பாடு போடுகிறாரா, எங்கே படுப்பாய், சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேள்விகள் தொடர்கின்றன. கடைசியில் பையன் என்ன சொல்லட்டும் என்று கேட்கும்போது விளாடிமிர் தயங்கிச் சொல்வது: எங்களைப் பார்த்தாய் என்று சொல். அடிபடுகிற பிள்ளையைப் பற்றி ஒரு சொல் அந்தச் செய்தியில் இல்லை. கோடோவைப் பற்றி நமக்கு உறுதியாகத் தெரிகிற மிகச் சில செய்திகளில் ஒன்று அது. அதைக் கேட்ட பிறகும் அவர் வந்தால் காப்பாற்றப்படுவோம் என்று இவர்கள் நம்புகிறார்கள்.

நடிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிப்பது பற்றிய வரிக்குப் பிறகு அதிர்ச்சி காட்டாதீர்கள். கேள்விகள் எந்த வேகத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவோ அதே வேகத்தில் கடந்து போங்கள். கடந்து போவதுதான் விஷயம். இரண்டாம் அங்கத்தில் இதே காட்சி திரும்பும்போது எஸ்ட்ரகன் தூங்கிக்கொண்டிருப்பான். 'எங்களை' என்பது அப்போது 'என்னை' ஆகிவிடும். என்னைப் பார்த்தாய் என்று சொல், நாளைக்கு வந்து பார்த்ததே இல்லை என்று சொல்லமாட்டாயே? அங்கே விளாடிமிர் பையன்மேல் பாய்கிறான், பையன் ஓடிவிடுகிறான். கோடோவிடமிருந்து அவன் எதிர்பார்ப்பது அந்த நேரத்தில் இவ்வளவுதான்: நான் இங்கே இருந்தேன் என்று யாராவது பதிவு செய்துகொள்ளட்டும்.

இதற்கு நடுவில், யாரும் வாக்கு என்று பெயர் வைக்காத ஒரு கடமை நாடகம் முழுக்க நடந்துகொண்டேயிருக்கிறது. பசிக்கிறது என்றால் விளாடிமிர் பையைத் துழாவிக் கேரட் எடுத்துக் கொடுக்கிறான். எஸ்ட்ரகன் தூங்கும்போது தாலாட்டுப் பாடுகிறான், தன் கோட்டைக் கழற்றிப் போர்த்துகிறான், குளிரில் கைகளை வீசிக்கொண்டு நடக்கிறான், கெட்ட கனவு கண்டு எழுந்தவனைப் பிடித்துக்கொள்கிறான். இந்தக் காரியங்களுக்கு விளாடிமிர் எந்த உரையும் ஆற்றுவதில்லை. போட்ஸோ போன பிறகு, தூங்குகிற நண்பனைப் பார்த்து, மற்றவர்கள் துன்பப்பட்டபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேனா என்று கேட்கிறானே, அந்த ஓரிரு நிமிடம் அவனுக்கு எல்லாம் தெரிகிறது என்று நினைக்கிறேன். பழக்கம் எல்லாவற்றையும் மரத்துப்போகச் செய்கிறது என்பதையும் அவனே சொல்கிறான். உடனே பையன் வந்துவிடுகிறான்.

காத்திருப்பது என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்கு இந்த நாடகம் விளக்கம் இல்லாமலே போய்ச் சேர்ந்திருக்கிறது. 1957 நவம்பர் 19 அன்று கலிபோர்னியாவின் சான் க்வென்டின் சிறையில் ஹெர்பர்ட் ப்ளா இயக்கத்தில் சுமார் 1,400 கைதிகள் முன்பு இது நடிக்கப்பட்டது. நடிகைகள் இல்லாத நாடகம் என்பதும் சிறைக்கு இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். கோடோ என்பது சமூகம் என்றார் ஒரு கைதி. வெளியுலகம் என்றார் இன்னொருவர். அங்கே ஆயுள் தண்டனையில் இருந்த ரிக் க்ளூச்சி பின்னாளில் சிறைக்குள் நாடகக் குழு தொடங்கி, பெக்கெட்டின் நாடகங்களை நடித்து, அவரோடு சேர்ந்தும் பணியாற்றினார். இந்த வகை நாடகங்களுக்கு 'அபத்த நாடகம்' என்ற பெயரைப் பரப்பிய மார்ட்டின் எஸ்லினின் 1961-ஆம் ஆண்டு நூல் இந்தச் சிறைக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறது. 1993-ல் போஸ்னியப் போரில் முற்றுகையில் இருந்த சரயேவோ நகரில் அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முதல் அங்கத்தை மட்டும் போட்டார். வெளியிலிருந்து உதவி வரும் என்று காத்திருந்த ஊர் அது.

இதே காலத்து வேறு நாடகங்களையும் சேர்த்துப் படித்தால் கடமையின் மற்ற முகங்கள் தெரியும். பெக்கெட்டின் 'எண்ட்கேம்' நாடகத்தில் வேலையாள் க்ளோவ், இதைச் செய் அதைச் செய் என்றால் செய்கிறேன், மறுப்பதே இல்லை, ஏன் என்று கேட்கிறான். உன்னால் மறுக்க முடியாது என்கிறான் எஜமான் ஹாம். ஹெரால்ட் பின்டரின் 'தி டம்ப் வெய்ட்டர்' நாடகத்தில் அடித்தள அறையில் உத்தரவுக்காகக் காத்திருக்கும் இரண்டு கூலிக்கொலையாளிகள், மேலிருந்து இறங்கும் உணவுத் தட்டுப்பெட்டியில் வரும் சாப்பாட்டு ஆர்டருக்குத் தங்கள் பிஸ்கட்டையும் பாலையும் அனுப்பிவைக்கிறார்கள். ஏன் அனுப்ப வேண்டும் என்று அழுத்திக் கேட்பவன் ஒருவன்தான். யூஜின் அயனெஸ்கோவின் 'நாற்காலிகள்' 1952-ல் மேடையேறியது. அதில் காத்திருந்த பேச்சாளர் வந்தே விடுகிறார், ஆனால் அவருக்குப் பேச வராது. கோடோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

கடைசியாக, இந்த நாடகத்தைப் போடப்போகிறவர்களுக்குக் கால்சட்டை பற்றி. முடிவில் எஸ்ட்ரகன் தூக்குப்போட்டுக்கொள்ள இடுப்புக் கயிற்றை அவிழ்க்கிறான், கால்சட்டை கணுக்கால்வரை விழுகிறது. பல குழுக்கள் கூச்சப்பட்டுப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். முதல் மேடையேற்றத்திலேயே அப்படி நடந்ததைக் கேள்விப்பட்டு, முழுதாக விழத்தான் வேண்டும் என்று பெக்கெட் ப்ளானுக்குக் கடிதம் எழுதினார். அவர் ஏன் அவ்வளவு வலியுறுத்தினார் என்பது மேடையில் தெரிந்தது. நாளைக்குத் தூக்குப்போட்டுக்கொள்வோம், கோடோ வராவிட்டால். வந்தால் காப்பாற்றப்படுவோம் என்ற பேச்சு முழுவதும் எஸ்ட்ரகன் கால்சட்டை இல்லாமல் நிற்கும்போதுதான் நடக்கிறது. விளாடிமிர் அதற்கப்புறம்தான், கால்சட்டையை மேலே ஏற்று என்கிறான். எஸ்ட்ரகன் தவறாகக் கேட்டு, கழற்றவா என்கிறான். மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை அதட்டலாகச் சொல்லாதீர்கள், இரக்கமாகவும் சொல்லாதீர்கள். தினமும் சொல்கிறவர் குரலில் சொல்லுங்கள். கயிறு மட்டும் உண்மையிலேயே அறுந்தாக வேண்டும், இருவரும் பிடித்து இழுக்கும்போது. நாங்கள் இழை பிரிந்த பழைய பருத்திக் கயிறாகத் தேடி வைத்துக்கொண்டோம். ஒத்திகைக்கும் அதையே பயன்படுத்துங்கள். இழுக்கிற பலம் தெரியாவிட்டால் அறுகிற நொடியில் இருவரும் பின்னால் சாய்ந்து விழுவீர்கள், மேடைக்குறிப்பு கேட்பதோ விழப்போகிற அளவுக்குத் தடுமாறுவதை மட்டும்தான்.